பூஜ்யம் காட்டிய மலை

மேஜை மேல் இரண்டு பெட்டிகள் இருந்தன, ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள். இரண்டுமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இதில் எதை வாங்குவது என்று வினோலியா வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரவேண்டும். அவள் எழுதப்போகிற அந்த ஒரு வரியை வைத்துத்தான் கரடிப்பாறையின் நானூற்றுப் பன்னிரண்டு மனைகளையும் மறுபடி அளக்கப்போகிறார்கள்.

கரடிப்பாறை நீலகிரியின் மேற்குச் சரிவில் இருந்த ஊர். இரண்டு வருடத்துக்கு முன்னால், விடாமல் பெய்த மழையின் நான்காம் நாள் விடியற்காலையில், மலையோடு மலையாகச் சரிந்து கீழே போய்விட்டது. பன்னிரண்டு உடல்கள் கிடைத்தன. முப்பத்தொரு பேர் இன்னும் கிடைக்கவில்லை. வினோலியா அந்தத் தாலுகாவின் சர்வேயர்.

"தூக்கிப் பாருங்க மேடம்," என்றான் நௌஷாத். பெட்டிகளை விற்க கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். வாய் ஓயாது. "முந்நூறு கிராம். பழைய மெஷினத் தூக்கிட்டு மலை ஏறின சர்வேயருங்களுக்கெல்லாம் முதுகுவலிதான் பென்ஷன்."

"சில்வர் ஓக் நிழல்ல சேட்டிலைட் எடுக்குமா?"

"எடுக்கும். இலை இடுக்குல ஒரு கீத்து வானம் தெரிஞ்சாப் போதும்."

"மழை?"

"தண்ணிக்குள்ள போட்டு அரை மணி கழிச்சு எடுங்க, சிரிச்சுக்கிட்டே வேலை செய்யும். கம்பைச் சாய்ச்சுப் பிடிச்சாலும் அதுவே கணக்கச் சரி பண்ணிக்கும். ரெண்டுமே அப்படித்தான்."

தாசில்தார் பரமேஸ்வரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்குப்பா ரெண்டக் கொண்டாந்து வச்சுட்டு உயிர எடுக்கற?"

"இங்கதான் மேடம் விஷயம். கறுப்பு, நீங்க பூமியில எங்க நிக்கிறீங்கன்னு சொல்லும். மஞ்சள், நீங்க எந்த மண்ணு மேல நிக்கிறீங்கன்னு சொல்லும்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். "இப்ப உங்க நாற்காலிய யாரோ தூக்கிட்டுப் போய் வாசல்ல போட்டுட்டாங்கன்னு வைங்க. கறுப்பு, நாற்காலி இருந்த இடத்தக் காட்டும். மஞ்சள், நாற்காலி போன இடத்தக் காட்டும்."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"ராடார் சேட்டிலைட் நாலு நாளைக்கு ஒருக்கா இந்த மலையப் படம் புடிச்சுட்டே இருந்திருக்கு, பத்து வருஷமா. சரிஞ்ச அன்னிக்கு மட்டும் ஆறு தடவ. அத்தனையும் இதுக்குள்ள இருக்கு. ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் ஜாதகம் கணிச்சு வச்சிருக்குன்னு வைங்களேன். எங்க இருந்துச்சு, எங்க போச்சு, எத்தனை அடி ஆழத்துல கெடக்கு, எந்தத் தேதியில அசைய ஆரம்பிச்சுது."

கையில் பிடித்திருந்த மஞ்சள் பெட்டியை வினோலியா மேஜையில் வைத்தாள். "அசைய ஆரம்பிச்ச தேதியுமா?"

"அதுதான் இதோட விசேஷமே. ஒரு புள்ளியக் கேட்டுப் பட்டன அமுக்கினீங்கன்னா நாலும் சேந்து பதிவாகி நேரா சர்வருக்குப் போயிடும். அழிக்க முடியாது. நாளைக்குக் கோர்ட்டுல எவனும் நடுவுல கை வச்சுட்டாங்கன்னு சொல்லக்கூடாது பாருங்க."

"கோர்ட்டுன்னு வாயத் தொறக்காத," என்றார் தாசில்தார். "நிலம்னா மண்ணா, இல்ல இடமா, அந்தந்தத் தாலுகாவே முடிவு பண்ணிக்கட்டும்னு புதுச் சட்டத்தப் போட்டு எங்க தலையில கட்டிட்டாங்க. கறுப்ப வாங்கினா கரடிப்பாறை ஜனத்துக்குக் கெடைக்கறது ஒரு பள்ளம். மஞ்சள வாங்கினா அவங்க மண்ணு இப்ப கீழ போஜனோட தேயிலை மேல கெடக்கு, அதெல்லாம் அவங்களுதாயிடும். போஜன் என்ன பாவம் பண்ணாரு? வினோலியா, கறுப்பையே எழுதிடும்மா. பள்ளத்துக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்க."

"சரி மேடம்."

பதில் இவ்வளவு வேகமாக வந்தது வினோலியாவுக்கே உறைத்தது.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சரிவுக்கு மூன்று வருடம் முன்னால் கரடிப்பாறையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று மனு வந்தபோது, மலை நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவளைத்தான் அனுப்பினார்கள். பன்னிரண்டு வீட்டுக் கூரைகளில் சின்னச் சின்ன ரிசீவர்களை மாட்டினாள். இவை எல்லாவற்றுக்கும் தாய் மாதிரி ஒரு ரிசீவர் வேண்டும். தாய் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். பிள்ளைகள் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்து, மலை நகர்வதைக் கண்டுபிடிப்பார்கள். தாயை ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில் வைத்திருக்க வேண்டும். அங்கே பாதை கிடையாது, செல்போன் சிக்னல் கிடையாது, மழைக்காலம் தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது. கரடிப்பாறைப் பள்ளிக்கூடத்தின் மாடியிலோ சோலார் கரண்ட் இருந்தது, சிக்னல் நாலு கட்டை அடித்தது. பாறை மேல் கட்டின பள்ளிக்கூடம் என்று ஊரே சொன்னது. தாயை அவள் அங்கே வைத்தாள்.

பிறகு ஒவ்வொரு மாதமும் அறிக்கை வந்தது. பன்னிரண்டு வீடுகளுக்கும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்தத் தாள்களை அவளே கையெழுத்துப் போட்டு வீடு வீடாகக் கொடுத்தாள்.

சரிவுக்கு அப்புறம் விசாரணை நடந்தது. எந்தக் கருவியாலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, மேகவெடிப்பு என்று எழுதி மூடினார்கள். ஒரு மாதம் கழித்து வேறு ஒரு வேலையாக ராடார் வரைபடத்தைப் பிரித்தபோதுதான் அவள் பார்த்தாள். நகர்ந்த பகுதியைச் சிவப்பாகக் காட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் அந்தச் சிவப்புக்கு நட்ட நடுவில் இருந்தது.

அன்றைக்கு வரைபடத்தை மடித்து வைத்தவள்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

*

சாப்பாட்டு வேளைக்குச் சன்னாசி வந்தான். தினமும் வருகிறவன். டீ ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, பகலில் ஒரு தடவை தாலுகா அலுவலகத்தில் தலை காட்டிவிட்டுப் போவான். மனைவி ராக்கம்மாளும் ஒன்பது வயசு மகள் நிவேதிகாவும் அந்த முப்பத்தொன்றில் இருக்கிறார்கள்.

"சர்வேயரம்மா, கறுப்புதான்னு முடிவு பண்ணிட்டீங்களாமே."

"யாரு சொன்னா?"

"அந்தக் கோயம்புத்தூர்த் தம்பிதான், டீக்கடையில. மஞ்சப் பொட்டி மண்ணு போன எடத்தச் சொல்லும்னும் சொன்னாப்ல." வாசல் நிலையில் கை வைத்து நின்றான், உள்ளே வரவில்லை. "நீங்க வேணாம்னு எழுதிட்டா அது ஊரவிட்டே போயிடும். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ கேட்டுப் பாத்துருவமே."

"சன்னாசி, அதுக்கு மண்ணத்தான் தெரியும். மனுஷங்களத் தெரியாது. அந்த நேரத்துல அவங்க எங்க நின்னாங்கன்னு நாமதான் சொல்லணும். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். கதவுகிட்ட."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"கதவு இறுகியிருந்துச்சும்மா. முன்னாடியும் ஒருக்கா அப்படி ஆச்சே, நீங்ககூட வந்து பாத்தீங்களே. அப்ப வீடு நவுருதுன்னு பயந்துக்கிட்டு ராக்கு பாப்பாவக் கூட்டிட்டு அய்யன்கொல்லிக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நீங்க மெஷினப் பாத்துட்டு, பூஜ்யம்தான், ஈரத்துல மரம் ஊதியிருக்கு, இழைச்சு விடுங்கன்னு சொன்னீங்க. நான் இழைச்சேன். அந்தப் பேப்பரக் கொண்டு போய்க் காட்டித்தான் அவளத் திரும்பக் கூட்டியாந்தேன். கவர்மெண்டு சீல் வச்சுக் குடுத்திருக்கு, இதவிட என்னடி வேணும்னு கேட்டேன். ரெண்டாவது தடவ இறுகினப்ப நான் கண்டுக்கல. ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கினான். "தொறந்திருக்காது. கதவுகிட்டதான் நின்னிருப்பாங்க ரெண்டு பேரும். ஞாயித்துக்கிழம வரைக்கும் தள்ளிப் போட்டது நான்தானே."

குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. நடந்ததைச் சொல்கிற குரல். இரண்டு வருடமாக இந்த மனுஷன் தன்னைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறான் என்பது அப்போதுதான் வினோலியாவுக்குப் புரிந்தது.

இப்போது சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "நான் மேடத்துக்கிட்டக் கேக்கறேன்," என்றுதான் சொல்ல முடிந்தது.

தாசில்தார் பெரிதாக மறுக்கவில்லை. "ஒரே ஒரு எடம் தோண்டிப் பாருங்க. அந்தப் பொட்டி பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு நிம்மதி," என்றார்.

*

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. வினோலியா கம்பின் தலையில் மஞ்சள் பெட்டியைத் திருகினாள். சன்னாசி வீட்டின் பழைய வரைபடத்திலிருந்து வாசல் கதவு இருந்த புள்ளியைத் தேர்ந்தெடுத்து, பட்டனை அமுக்கினாள். கையிலிருந்த திரையில் நான்கு வரி வந்தது. இருந்த இடம். போன இடம், முந்நூற்று நாற்பது மீட்டர் கீழே. ஆழம், ஆறரை அடி. நான்காவது வரி: அசைவு தொடக்கம், சரிவுக்கு நானூற்று இருபத்து மூன்று நாள் முன்பு.

பதினான்கு மாதம். அவளுடைய பூஜ்யத் தாள்கள் மாதா மாதம் போய்க்கொண்டிருந்த அதே பதினான்கு மாதம். அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நடந்தாள். இந்த எண் சர்வரில் போய் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. கூரையில் மாட்டின ரிசீவர் மட்டமானது என்று சொல்லி, அதைச் செய்த கம்பெனியின் மேல் போட்டுவிடுவார்கள். தாய் எங்கே நின்றது, அதுவும் சேர்ந்து நகர்ந்ததா என்று பள்ளிக்கூடத்தின் புள்ளியைக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். கேட்க யாருக்குத் தோன்றப்போகிறது.

புள்ளி போஜனின் தேயிலைக்கு நடுவில் விழுந்தது. அவரே வந்து நின்றார், வெள்ளைத் தலைப்பாகையும் கம்பளிச் சால்வையுமாக.

"புதுசா நட்டதுல நாலஞ்சு செடி போகும்ங்க," என்றான் ஜேசிபி டிரைவர்.

"போகட்டும்பா. செடிதானே, நட்டுக்கலாம். நீ பாத்துத் தோண்டு, உள்ள ஆளு இருக்காங்க."

உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னவிதத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நௌஷாத்கூட. ஐந்தடி வரை ஜேசிபி. அதற்கப்புறம் மண்வெட்டி. சன்னாசி தானே குழிக்குள் இறங்கினான், யாரையும் இறங்க விடவில்லை.

ஆறே கால் அடியில் நிலைச்சட்டம் தட்டுப்பட்டது. ஒரு சாண்கூடத் தப்பவில்லை. வீட்டின் முன்பாதி உடையாமல், ஒரு தெப்பம் மாதிரி, அப்படியே இறங்கி வந்திருக்கிறது. கான்கிரீட் கூரை முன்னறையை மூடியிருந்தது. சன்னாசி மண்ணைக் கையால் வழித்து வழித்துக் கதவைத் தேடினான். அவன் இழைத்த ஓரம் விரலில் பட்டதும் நிறுத்தினான்.

வினோலியா மேலே நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"சர்வேயரம்மா." கீழேயிருந்து அவன் குரல் வேறு மாதிரி வந்தது. "தாப்பாள் தொறந்திருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். கதவு உள்பக்கமாக முழுசாகத் திறந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அவன் டார்ச்சை வாங்கிக்கொண்டு கூரைக்கு அடியில் தவழ்ந்து போனான். வெளியே வந்தபோது முகம் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றுக்குள் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"யாரும் இல்லம்மா உள்ள. செருப்பு ரெண்டு சோடியும் இல்ல. கொடை இல்ல. ரேசன் கார்டு வச்சிருந்த துணிப்பை ஆணியில தொங்கும், அதுவும் இல்ல. கதவத் தொறந்துட்டா ராக்கு. இழுத்துப் பிடுங்கியாவது தொறந்திருப்பா, அவ அப்படித்தான். பைய எடுத்து, செருப்பு மாட்டி, கொடையப் புடிச்சுக்கிட்டுப் போற அளவுக்கு நேரம் இருந்திருக்கு. போயிட்டாங்க ரெண்டு பேரும்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் நௌஷாத், தன்னை அறியாமல்.

போஜன் மட்டும் சிரிக்கவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "போனாங்க சரி. எங்க போனாங்க?"

சன்னாசியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றைச் சட்டைக் கையால் துடைத்தான். பிளாஸ்டிக் உறை போட்ட தாள், ஈரமே ஏறவில்லை. கரடிப்பாறையின் வரைபடம். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒட்டச்சொல்லி அவள் கொடுத்தது. ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் பச்சை அடித்திருந்தது. மலையில் சத்தம் கேட்டால் உடனே இங்கே போகவும். கீழே அவள் கையெழுத்து, சீல்.

"பள்ளிக்கொடம்," என்றான் சன்னாசி.

வினோலியா பிடித்திருந்த கம்பு ஆடியது. பெட்டி சாய்வைச் சரிசெய்துகொண்டு தன் கணக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது.

"நான்தான் அதப் பச்சை அடிச்சேன்," என்றாள். "இருக்கறதுலயே அசையாத எடம்னு நெனச்சேன். மத்த மெஷினுக்கெல்லாம் தாய் மெஷின அதோட மாடியிலதான் வச்சிருந்தேன். எதிர்மலையில வச்சிருக்கணும். ஏறல நான்."

"புரியலம்மா."

"பள்ளிக்கூடமும் நகர்ந்துச்சு சன்னாசி. உங்க வீடும் நகர்ந்துச்சு. ரெண்டும் சேந்தே நகர்ந்ததால நடுவுல இருந்த தூரம் மாறல. தூரம் மாறலன்னா மெஷின் பூஜ்யம்னுதான் சொல்லும். பதினாலு மாசம் அப்படித்தான் சொல்லிச்சு. உங்க கதவு இறுகினது ஈரத்தால இல்ல. உங்க ராக்கம்மா பயந்தது சரி."

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டான்.

சன்னாசி குழிக்குள்ளேயே நின்றிருந்தான். அவன் தலை அவள் கால் மட்டத்தில் இருந்தது. "இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"விசாரணைய மூடி ஒரு மாசத்துல."

"தெனமும் வந்து உங்க முன்னாடிதான நின்னேன்."

"ஆமா."

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழமன்னு சொல்லிட்டு நின்னேனே முந்தாநேத்து. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவன் மேலே ஏறினான். போஜன் நீட்டிய கையைப் பிடித்தான், அவள் நீட்டியதைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் எதிர்மலையையே பார்த்தான். அவள் ஏறாத மலை. ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம் போலத்தான் இருந்தது.

"கேளுங்க," என்றான்.

"என்ன?"

"பள்ளிக்கொடத்த. அந்தப் பொட்டிகிட்டக் கேளுங்க."

நௌஷாத் பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னான். "மேடம், அமுக்கிட்டீங்கன்னா போயிடும். தேதி, எடம், எல்லாம். உங்க வேலை மட்டும் இல்ல..."

அவள் வரைபடத்தில் பச்சை இடத்தைத் தொட்டாள். பட்டனை அமுக்கினாள்.

அறுநூற்றுப் பதினோரு மீட்டர், ஓடை திரும்புகிற இடம். ஆழம் ஒன்பது அடி. அசைவு தொடக்கம், நானூற்று இருபத்து மூன்று நாள் முன்பு. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே நாள். இந்தத் தடவை கட்டைவிரலால் மறைக்கவில்லை, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

சன்னாசி அந்த எண்களை எழுத்துக் கூட்டுகிறவன் மாதிரி படித்தான். "வீடு வீடாத் தேடினாங்களே ரெண்டு மாசம். ஓடையில யாரும் தேடல."

"தேடல."

"எல்லா வீட்டுக் கதவுலயும் இந்தப் படம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அப்ப முப்பத்தொரு பேரும் அங்கதானா?"

"அப்படித்தான் இருக்கணும். போங்கன்னு சொன்ன எடத்துக்குத்தான் போயிருப்பாங்க."

அவன் தலையை ஆட்டினான். துணி துவைக்கிற கல்லில் உட்காருவது போலத் தோண்டிப் போட்ட மண் குவியலில் உட்கார்ந்தான். "டீச்சரம்மாவும் அங்கதான் குடியிருந்தாங்க. பாப்பாவுக்கு அவங்கன்னா உசிரு. அப்ப பாப்பா தனியா இல்ல." இன்னொரு தடவை சொன்னான், யாருக்கோ தகவல் சொல்கிற மாதிரி. "தனியா இல்ல."

அதற்கப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதான். போஜன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார். வினோலியா நின்ற இடத்திலேயே நின்றாள். கிட்டப் போக அவளுக்கு அருகதை இல்லை, விலகிப் போகவும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் எழுந்தான்.

"எடத்தக் காட்டுங்க."

"இப்பவேவா? ஜேசிபிக்குப் பாதை போடணும். மேடத்துக்கு எழுதிக் கேட்டு..."

"தோண்ட இல்ல. போய் நிக்கணும். ரெண்டு வருசமா எங்க நிக்கிறதுன்னே தெரியாம உங்க வாசல்ல வந்து நின்னுட்டிருந்தேன்."

அவள் கம்பைத் தோளில் சாய்த்தாள். வழக்கமாக அளக்கப் போகும்போது ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே வருவார்கள், அதைக் காட்டி இதைக் காட்டிப் பேசிக்கொண்டே. அவன் பக்கத்தில் வருவான் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள்.

"நீங்க முன்னாடி போங்க," என்றான் சன்னாசி. "பக்கத்துல நடக்க என்னால முடியாது."

அவள் முன்னால் நடந்தாள். தேயிலைக்கு நடுவே பாதை சறுக்கியது. திரையில் தூரம் குறைந்துகொண்டே வந்தது. இருநூற்று எழுபது. இருநூற்று அறுபத்தெட்டு. பின்னால் அவன் காலடிச் சத்தம் மட்டும் வந்தது. கீழே ஓடை தெரிய ஆரம்பித்தது, வெயிலில் தண்ணீர் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை இருக்கு?" பின்னாலிருந்து கேட்டான்.

"நூத்தித் தொண்ணூறு மீட்டர்."

காலடிச் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது.

"மெதுவாப் போங்க," என்றான்.